செஞ்சோற்றுக் கடன்

"பாசுன்னு சொல்லாதீய சார்! அண்ணாச்சின்னு சொல்லுங்க, அப்பத்தான் விளங்கும்!"

மணப்பாட்டுப் படிப்பகத்தின் வெள்ளைச் சுவரிலே ஜப்பானியர் பேசிக்கொண்டிருந்தனர். அவர்தம் பேச்சு அடியிலே ஆங்கில எழுத்தாக ஓடிற்று. அந்த ஆங்கிலத்தை நாம் உடனுக்குடன் தமிழாக்கி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். கூடியிருந்தோர் முப்பது பேர் இருக்கும். பெரும்பாலோர் விடியுமுன் வள்ளம் ஏறும் இளைஞர். சிலர் கல்லூரி மாணவர். சிலர் வேலை தேடுவோர். 'ஒயாபுன்' என்றொரு சொல் வந்தது. அடியிலே 'பாஸ்' என்று கண்டது. நாமும் அதையே ஒப்பித்தோம். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அந்தத் திருத்தம் வந்தது. சொன்னவன், பத்தாம் வகுப்பில் நம்மிடம் வரலாறு படித்தவன். வகுப்பறையில் வாய் திறந்தறியாதவன், அன்றிரவு நமக்கு ஆசிரியனானான்!

அவன் சொன்னதே சரி. 'ஒயாபுன்' என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் தந்தையின் இடத்தில் இருப்பவன் என்பது பொருள். அவனுக்குக் கீழ்ப்பட்டவன் 'கோபுன்'. பிள்ளையின் இடத்தில் இருப்பவன். முதலாளி, கூலி என்ற உறவன்று. குடும்ப உறவின் பெயரைச் சூட்டிக்கொண்ட உறவு. அரிசி மது நிறைந்த கிண்ணத்தைத் தலைவனும் தொண்டனும் பகிர்ந்து அருந்தி அந்த உறவை உறுதி செய்வார்களாம். அதன் பின்னர்த் தலைவன் வெள்ளைக் காகத்தைக் காட்டினால் தொண்டன் ஆம் என்றாக வேண்டும்; தவறு செய்தால் சுண்டு விரலை வெட்டி அவன் முன் வைக்க வேண்டும். இத்தனையையும் 'பாஸ்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முயன்றோம் நாம். 'அண்ணாச்சி' என்று அவன் சொன்னவுடன் அறை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

படம், 'டோக்கியோ நாடோடி'. 1966 ஏப்ரலில் வெளிவந்தது. இயக்கியவர் செய்ஜுன் சுசுகி. தயாரித்தது நிக்கட்சு கம்பெனி. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் 1999-இல் இதனைத் தகடாக்கி வீட்டிலிருந்தே பார்க்க வழிசெய்தது. 2011-இல் மேலும் துலக்கிப் புதுத்தகடு வெளியிட்டது. அந்தப் புதுத்தகடுகளில் ஒன்றுதான், தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலேறிப் போன நண்பர் ஒருவரின் பெட்டிக்குள், வாசனைச் சவுக்காரத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே, நம் ஊர் வந்து சேர்ந்தது. நம்மூர் விற்கும் கருவியில் அந்நாட்டுத் தகடு சுழல மறுக்கும் என்பது வந்த பிறகே தெரிந்தது. மடிக்கணினியோடு ஒரு வாரம் மல்லாடியே அதனைப் பேசவைத்தோம்.

"பகுத்தறிவு பேசும் படிப்பகத்தில் பிச்சுவாப் படமா?" என்று நம் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். அவர் கேட்டது நியாயமே. ஆயினும் அவர் ஒன்றை மறந்தார். ரவுடிப் படம் நம் கரைக்குப் புதிதா? 2013-இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'கடல்' இந்த மணலில் அல்லவா படமாயிற்று! நாம் அப்போது பள்ளிச் சிறுவர். பாடம் முடிந்ததும் ஓடிப்போய்க் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்தோம். அந்தக் கதையிலும் தாயற்ற பிள்ளை ஒருவன், கடத்தல் தலைவன் பெர்க்மன்சின் நிழலில் போய் ஒதுங்குகிறான். படம் பார்த்து வந்த பையன்கள் பல நாள் பெர்க்மன்சைப் போலவே நடந்தார்கள். பாதிரியாரைப் போல நடந்தவன் ஒருவனும் இல்லை! ரவுடி நம் பிள்ளைகளின் கண்ணுக்கு எப்போதும் அழகன். அந்த அழகை ஒளித்துவைத்துப் பயனென்ன? விளக்கடியில் வைத்துப் பார்ப்போமே என்றுதான் சுவரில் ஏற்றினோம்.

அழகு என்றால், அப்படியோர் அழகு! தொடக்கத்திலே இருப்புப்பாதை ஓரம், கறுப்பு வெள்ளை, வெள்ளை கண்ணைக் கூச, கறுப்பு மையாய் வழிகிறது. இளைஞன் ஒருவனைப் பலர் சூழ்ந்து அடிக்கிறார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை. அடிக்கத் தெரியாதவனல்லன்; அடிக்காதே என்று அவன் தலைவன் சொல்லியிருக்கிறான்! அவ்வளவுதான். பிறகு வண்ணம் வெடிக்கிறது. வெளிர்நீல உடுப்பு, கலையாத தலை, உதட்டில் ஒரு பாட்டு. அந்தப் பாட்டை நாயகனாக நடித்த டெட்சுயா வாதாரியே பாடியிருக்கிறார். நடன விடுதியின் சுவர்கள் தெருவிலும் காணாத நிறத்தில் ஒளிர்கின்றன. பனி மூடிய வடநாட்டில், தண்டவாளத்தின் நடுவே, புகைவண்டி வந்துகொண்டிருக்கத் துப்பாக்கிச் சண்டை. சசெபோ துறைமுகத்து மதுக்கடையில் அமெரிக்கக் கப்பற்காரர்களும் உள்ளூராரும் மேசை நாற்காலி பறக்கப் புரள்கிறார்கள். சண்டையா, கூத்தா என்று சொல்ல முடியாது. நம் இளைஞர்கள் விசிலடித்தார்கள். அரங்கமைத்த தாகியோ கிமுரா என்பாருக்குச் சேர வேண்டிய விசில் அது. பெரிய பொருட்செலவில்லாத படம், பலகையும் சாயமும் கொண்டே அவர் இந்த மாயத்தைச் செய்திருக்கிறார்.

கதை சிறிது. டெட்சு என்பவன் நாயகன். குராட்டா என்ற கும்பல் தலைவன் தொழிலை விட்டு ஒழுங்கான வாழ்வுக்குத் திரும்புகிறான். டெட்சுவும் உடன் திரும்புகிறான். பகைத் தலைவன் ஒட்சுகா விடுவதாயில்லை. குராட்டாவிடம் ஒரு கட்டடம் தொடர்பான கடன் இருக்கிறது. அதில் கண்ணை வைத்துக் கழுத்தை நெரிக்கிறான். கொலைகள் விழுகின்றன. தலைவனுக்குத் தன்னால் இடையூறு வேண்டாம் என்று, காதலியையும் டோக்கியோவையும் விட்டு, நாடோடியாய்ப் புறப்படுகிறான் டெட்சு. போகுமிடமெல்லாம் கொலைகாரன் பின்தொடர்கிறான். வழியில் கென்ஜி என்றொருவன் அவனைக் காப்பாற்றுகிறான். அவனும் முன்னொரு காலத்தில் ஒரு தலைவனை நம்பி நடந்தவன், நம்பிக்கை கசந்து வெளியேறியவன். தலைவர்கள் அனைவரும் ஒரே வார்ப்பு என்று அவன் எச்சரிக்கிறான். டெட்சுவுக்குக் கோபம் வருகிறது. என் தலைவன் அப்படிப்பட்டவன் அல்லன்!

தோழர்களே, இந்த 'என் தலைவன் அப்படிப்பட்டவன் அல்லன்' என்ற பேச்சை நாம் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்! தேநீர்க் கடையில், தேர்தல் காலத்தில், நடிகரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் இடத்தில், கோயில் கொடை வரிப் புத்தகத்தின் முன்னால். கேள்வி கேட்டவன் மேல் கோபம் வருகிறதே, அந்தக் கோபந்தான் நமக்குக் குறிப்பு.

இதற்குத் தமிழில் பழம்பெயர் உண்டு: செஞ்சோற்றுக் கடன். ஜப்பானியத் தலைவனும் தொண்டனும் பேசுகிற கடமை, நம் நாட்டுப் புராணத்தில் கர்ணன் பேசிய கடமைதான். துரியோதனன் பக்கம் அறம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நிற்கிறான். ஏன்? சோறு போட்டான்! கும்பகர்ணனும் அவ்வாறே, அண்ணன் செய்தது பிழை என்று இடித்துரைத்துவிட்டு அந்தப் பிழைக்காகவே சாகப் போகிறான். 1964-இல் பந்துலுவின் 'கர்ணன்' படம் வந்தது. 'டோக்கியோ நாடோடி' வந்தது இரண்டே ஆண்டு கழித்து. நம்மவர் கர்ணனுக்காகக் கண்ணீர் வடித்தனர், இன்றும் வடிக்கின்றனர். வடிக்கட்டும்! ஆனால் சோறு போட்டவன் எதற்காகப் போட்டான் என்று அந்தக் கண்ணீருக்கு நடுவே ஒருவரும் கேட்பதில்லை. வில்லாற்றல் மிக்க ஒருவனை அரங்கிலே கண்டதும், இவன் அருச்சுனனுக்கு எதிராக உதவுவான் என்று கணக்கிட்டு அங்க நாட்டைக் கொடுத்தவனை வள்ளல் என்பதா, வணிகன் என்பதா? வள்ளுவரும் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பயன் நோக்காமல் செய்த உதவியை அதில் உயர்த்தினார். இவனைப் பின்னாளில் எதற்குப் பயன்படுத்தலாம் என்று நோக்கிச் செய்த உதவிக்கு அங்கே இடமில்லை.

இதையெல்லாம் படத்தின் நடுவே, தகடு ஒருமுறை நின்று தடுமாறிய இடைவேளையிலே, ஆசிரியத் தொழிலின் பழக்கதோஷத்தால் நாம் பேசினோம். நன்றாகவே பேசினோம் என்றுதான் அப்போது எண்ணினோம். அதே பையன் எழுந்தான்.

"சார், நீங்களும் அவிய குடுத்த காத்தாடிக்கு அடியிலதான உக்காந்திருக்கீய?"

மேலே நிமிர்ந்து பார்க்க நமக்குத் துணிவில்லை. பார்க்கத் தேவையுமில்லை. படிப்பகத்தின் கூரையில் மூன்று காற்றாடிகள். ஒவ்வொன்றின் நடுக்கிண்ணத்திலும் சிவப்பு எழுத்தில் ஒரு பெயர். அதன்கீழ் 'அன்பளிப்பு' என்ற சொல். பெயர், பக்கத்து ஊர்ப் பெரும்புள்ளி ஒருவருடையது. வட்டிக்குக் கொடுப்பார், மீன் ஏலத்தில் கை வைப்பார், மணல் லாரி ஓட்டுவார், பஞ்சாயத்தும் பேசுவார். இரண்டு கோடைக்கு முன் படிப்பகம் வெந்துகொண்டிருந்தபோது, நாம் கேட்காமலே ஆளனுப்பி மாட்டிக்கொடுத்தார். நன்றி சொல்லிக் கடிதம் எழுதியவர் யார்? நாமே! அந்தக் கடிதத்தின் நடை அழகாக இருந்ததென்று பலர் பாராட்டினர். ஓடும்போது பெயர் தெரியாது என்பதால் கோடை முழுதும் நம் மனச்சான்றுக்குத் தொல்லையில்லை.

அறை அமைதியானது. படத்தை மறுபடி ஓடவிட்டோம்.

எஞ்சிய கதை விரைந்து முடிகிறது. சொத்துக்கும் அமைதிக்கும் விலையாக டெட்சுவின் தலையை ஒட்சுகா கேட்கிறான். குராட்டா ஒப்புக்கொள்கிறான். எந்தத் தலைவனுக்காக அடிபட்டும் திருப்பி அடிக்காமல் இருந்தானோ, எவனுக்காகக் காதலியை விட்டு நாடெங்கும் அலைந்தானோ, அந்தத் தலைவன் பிள்ளையை விற்றுவிட்டான். டெட்சு டோக்கியோ திரும்புகிறான். இறுதிக் களம் ஒரு நடன விடுதி. எங்கும் வெண்மை, ஆட்களே கறைகளாகத் தெரியும் வெண்மை. ஒட்சுகாவின் கூட்டம் வீழ்கிறது. குராட்டாவை அவன் கொல்வதில்லை. தலைவன் தன் கையாலேயே தன்னை முடித்துக்கொள்கிறான். காதலி சிஹாரு, உடன் வருகிறேன் என்கிறாள். நாடோடிக்குப் பெண் துணை ஆகாது என்று சொல்லி, அதே பாட்டுடன் இருட்டுக்குள் நடந்துபோகிறான். (அவள் ஏன் அவனுக்காக அத்தனை காலம் பாடிக்கொண்டே காத்திருந்தாள் என்பதை அந்தப் படம் கேட்கவே இல்லை. நம் படங்களும் கேட்பதில்லை. படிப்பகத்துக்கு வந்திருந்த நான்கு பெண்களில் ஒருவர் மட்டும், "போறவன் போவட்டும், அவளாவது வேற வேலையப் பாக்கலாம்லா" என்று முணுமுணுத்தார்.)

இளைஞர் கலைந்தனர். பையன் மட்டும் நாற்காலிகளை அடுக்குவது போல் நின்றான். ஏதோ கேட்க நிற்கிறான் என்று தெரிந்தது. கேட்டபோது கொட்டிவிட்டான்.

அந்தப் பெரும்புள்ளியின் உறவினர் ஒருவர், மணல் தகராறில் ஒருவரை அடித்துக் கையை முறித்துவிட்டார். வழக்கு எழுந்துவிட்டது, யாராவது சரணடைந்தாக வேண்டும். "நீ போய் நில்லு. ஆறு மாசம், மிஞ்சினா ஒரு வருசம். வக்கீலு நம்ம ஆளு. வீட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணாச்சி இவனைக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுச் சொல்லியிருக்கிறார். இவன் அந்தத் தகராறு நடந்த இடத்திலேயே இல்லை. கடலில் இருந்தான். ஆனால் இவன் தகப்பனாரின் வள்ளத்து எந்திரம் அண்ணாச்சி கொடுத்த பணத்தில் வாங்கியது. தாயின் அறுவைக்கு மருத்துவமனையில் கட்டிய தொகையும் அவருடையது. வருகிற திங்கட்கிழமை வக்கீல் அலுவலகத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

"அவிய செஞ்சதுக்கு நாம செய்யணும்லா சார்?" என்றான். கேள்வியாகத்தான் கேட்டான், ஒரு வாரத்துக்கு முன் கேட்டிருந்தால் அதைக் கேள்வியாகக் கேட்டிருக்க மாட்டான் என்று நமக்குத் தோன்றிற்று.

அப்போது நாம் அவனுக்கு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. காற்றாடிக்கு அடியில் நின்று அறிவுரை சொல்ல நா எழவில்லை. அதற்குப் பதிலாக, அந்தப் படத்தை எடுத்தவரின் கதையைச் சொன்னோம். உண்மையில், படத்தைவிட அதுவே பெரிய கதை.

சுசுகி 1923-இல் பிறந்தவர். படித்துக்கொண்டிருந்தபோதே 1943-இல் போருக்கு இழுக்கப்பட்டார். அவர் ஏறிச் சென்ற கப்பல் மூழ்கடிக்கப்பட்டுக் கடலிலே பல மணி நேரம் மிதந்து பிழைத்தார். (இதைச் சொன்னபோது பையனின் முகம் மாறியது. கடலில் மிதப்பது என்னவென்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) பிறகு நிக்கட்சு கம்பெனியில் இயக்குநரானார். 1956 முதல் 1967 வரை பன்னிரண்டு ஆண்டில் நாற்பது படங்கள்! கம்பெனி கதையைக் கொடுக்கும், நடிகரைக் கொடுக்கும், நாளைக் குறிக்கும். இவர் எடுத்துத் தர வேண்டும். மாதச் சம்பளம். மறுக்க வழியில்லை. கர்ணனைப் போலக் கடன் தீர்த்தார் என்றே சொல்லலாம். ஆனால் கொடுத்த கதைக்குள்ளே தம் விருப்பம்போல் வண்ணத்தையும் கேலியையும் தூவிவிட்டார். கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. அடக்கி எடு என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது. 'டோக்கியோ நாடோடி'யின் வண்ணக் களிப்புக்குப் பின் அவர் எடுத்த இரண்டு படங்களும் கறுப்பு வெள்ளை. இரண்டாவது, 1967 ஜூனில் வந்த 'கொலை முத்திரை'. கூலிக்குக் கொல்பவர்களுக்குள்ளே முதலாமவன், இரண்டாமவன், மூன்றாமவன் என்று தரவரிசை; மூன்றாமவன் நாயகன்; வேகும் சோற்றின் மணத்தை முகர்ந்தால்தான் அவனுக்கு உயிர்! கொலைத் தொழிலையும் அதன் வீரப் பேச்சையும் இதைவிட எள்ளி நகையாட முடியாது.

கம்பெனித் தலைவர் கியூசாகு ஹோரி நகைக்கவில்லை. 1968 ஏப்ரலில் சுசுகிக்குத் தொலைபேசி வந்தது: இனி உமக்குச் சம்பளம் இல்லை. காரணம்? யாருக்கும் புரியாத படம் எடுக்கிறீர்! அத்தோடு விடவில்லை. கசுகோ கவாகிதா என்ற பெண்மணியின் திரைப்படச் சங்கம், சுசுகியின் படங்களை வரிசையாகத் திரையிட ஏற்பாடு செய்திருந்தது. கம்பெனி படச்சுருள்களைத் தரமுடியாது என்று கைவிரித்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பை ஒரே தொலைபேசியில் துடைத்துவிட்டார் தலைவர்.

டெட்சுவாக இருந்தால் என்ன செய்திருப்பான்? பாட்டுப் பாடிக்கொண்டு இருட்டுக்குள் நடந்திருப்பான். சுசுகி வழக்குமன்றத்துக்கு நடந்தார்! 1968 ஜூனில், தாம் சோறுண்ட கம்பெனியின் மீதே வழக்குத் தொடுத்தார். மாணவர்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். இயக்குநர் சங்கம் கண்டனம் தெரிவித்துத் துணை நின்றது. கொலைகாரக் கும்பல்களைப் பற்றிய படங்களை எடுத்த ஒருவருக்காக, வெளிர்நீல உடுப்பு அணியாத, துப்பாக்கி பிடித்தறியாத பிள்ளைகள், அட்டையில் எழுதி உயர்த்திக்கொண்டு நடந்தார்கள். மூன்றரை ஆண்டு இழுத்தது. 1971 டிசம்பரில் சமாதானம் ஆயிற்று. கேட்டது 73 இலட்சம் யென்னுக்கு மேல். கிடைத்தது 10 இலட்சம். கூடவே, கம்பெனியின் வருத்தமும். விலை என்னவென்றால், வழக்குத் தொடுத்தவன் என்று பெயர் குத்தி, எந்தப் பெரிய கம்பெனியும் அவரை அழைக்கவில்லை. பத்து ஆண்டு அவர் திரைப்படம் எடுக்கவில்லை. 1977-இல்தான் மீண்டும் வந்தார். 1980-இல் எடுத்த 'சிகாய்னர்வைசன்' நாட்டின் மதிப்பு மிக்க பரிசுகளைப் பெற்றது. 2017-இல், 93 வயதில் மறைந்தார். கம்பெனியோ, 1971-லேயே சண்டைப் படங்களை மூடிவிட்டு மலிவான ஆபாசப் படங்களுக்குத் தாவிவிட்டது.

(நம் நாட்டிலும் ஒரு படமுதலாளிக்கு முன் ஓர் இயக்குநர் புதுமை கேட்டு நின்றதுண்டு. 1954 ஏப்ரலில் வெளிவந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டு இல்லை, ஆடல் இல்லை, எஸ். பாலசந்தர் அப்படி எடுக்க ஏ.வி. மெய்யப்பன் இசைந்தார். அதன் நாயகன் ஜப்பானுக்கு நாட்டைக் காட்டிக்கொடுப்பவன். அவனைச் சுட்டு வீழ்த்துபவள் தாலி கட்டிய மனைவியே! சிஹாருவுக்கு அந்தப் படத்தைக் காட்டியிருக்க வேண்டும். அடுத்த மாதம் படிப்பகத்தில் அதைத்தான் போடுகிறோம்.)

இந்தக் கதையைச் சொல்லி முடிக்க நள்ளிரவாயிற்று. ஜப்பானிலே அப்படிப்பட்ட கும்பல்களில் 1963-இல் ஏறத்தாழ 1,84,000 பேர் இருந்தனர் என்றும், 1992-இல் நடைமுறைக்கு வந்த தனிச்சட்டத்துக்கும் அதன் பின் வந்த நெருக்குதலுக்கும் பிறகு, 2024 முடிவில் 20,000-க்கும் குறைந்துவிட்டனர் என்றும் சொன்னோம். அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"கம்பெனிக்காரன் சோத்தத் தின்னுட்டு அவன் மேலயே கேசா?" என்றான்.

"சோறு இல்லை தம்பி, சம்பளம். உழைத்ததற்குக் கூலி."

"எங்கப்பா வள்ளத்து எஞ்சினு கடனுக்கு மாசாமாசம் வட்டி கட்டுதாரு சார்," என்றான், மெல்ல. "பிடிக்கிற மீனையும் அவியட்டதான் போடணும். அவிய சொல்லுததுதான் விலை." விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டான். முடிவைச் சொல்லவில்லை. போய்விட்டான்.

திங்கட்கிழமை அவன் வக்கீல் அலுவலகத்துக்குப் போகவில்லை. ஞாயிறு இரவே பேருந்தேறி, கொல்லத்துக்கு அருகே நீண்டகரைக்குப் போய், அங்கே ஒரு விசைப்படகில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வழக்கில் புதன்கிழமை வேறொரு பையன் சரணடைந்தான், அவனும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான், நம்மிடம் படிக்காதவன். அவன் முகத்தை நாம் பார்த்ததில்லை. ஆனால் இரவில் சில வேளை அவனைப் பற்றி எண்ணுகிறோம்.

அடுத்த வாரம் பையனின் தாய் பள்ளிக்கு வந்தார். வகுப்புக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். "எம்புள்ளைய ஊர விட்டே அனுப்பிட்டீயளே சார்" என்றார். எந்திரத்துக் கடனை மொத்தமாய்க் கட்டு என்று ஆள் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். நாம் அனுப்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. படிப்பகத் தோழர்கள் கூடி, திருச்செந்தூரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். கட்டிய வட்டிக்குச் சீட்டு இருக்கிறதா என்று முதலில் அவர் கேட்டார். இல்லை. இனிமேல் கட்டும் ஒவ்வொரு காசுக்கும் சீட்டு வாங்கச் சொன்னார். தகப்பனார் கேட்டிருக்கிறார், கொடுக்க மறுத்திருக்கிறார்கள். கேட்டதே அந்தத் தெருவில் செய்தியாகிவிட்டது. இழுபறி இன்னும் தீரவில்லை.

காற்றாடிகளைக் கழற்றிய கதையை வீரமாகச் சொல்ல வழியில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் வேண்டாம் என்றனர். "காத்தாடி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டார் ஒரு பெரியவர், அதற்கு நம்மிடம் நேரான மறுமொழி இல்லை. முடிவில் மூன்றையும் இறக்கி, துடைத்து, பெட்டியில் கட்டி, இரண்டு தோழர்கள் கொண்டுபோய்ப் பெரும்புள்ளியின் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார்கள். உடன் ஒரு கடிதமும் எழுதினோம். இந்த முறை நடையழகு வாய்க்கவில்லை, மூன்றே வரி. அவர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாராம். அந்தச் சிரிப்பை நினைத்துச் சிலருக்கு இன்னும் அச்சம்.

போன வாரம் நீண்டகரையிலிருந்து தொலைபேசியில் பேசினான். படகு, கூலி, மலையாளச் சோறு, எல்லாம் சொன்னான். தாயைப் பற்றிக் கேட்டான். பிறகு, "அந்த டைரக்டருக்குக் கேசு எத்தன வருசம் ஓடுச்சுன்னு சொன்னீய சார்?" என்றான்.

"மூன்றரை."

சற்று நேரம் பேச்சில்லை. அலை இரைச்சல் கேட்டது. நம் கரையின் இரைச்சலா, அவன் கரையின் இரைச்சலா என்று பிரித்தறிய முடியவில்லை.

"காத்தாடி ஓடுதா சார்?"

"இல்லை. கழற்றிக் கொடுத்துவிட்டோம்."

"ஐயோ, பங்குனி வெயிலு! வேர்க்குமே சார்!"

வேர்க்கிறது என்றோம்.